ஓட்டின் வயதும் விலையும்

பழைய பொருளொன்று கையிற் கிடைத்தவுடன் அதன் வயதையும் விலையையும் அறிய விழைகின்றோம். முதுகில் 1966 என்று பொறித்த பார்பிப் பொம்மையோ நம்மை ஏமாற்றிவிடும். அது உடலமைப்புக்கு உரிமை பெற்ற ஆண்டு. அவ்வமைப்பிற் பொம்மைகள் பல்லாண்டுகள் வார்க்கப்பட்டன. ஆண்டே பொறிக்காத பொருளாயின் என் செய்வது?

அல்லைப்பிட்டிக் கடற்கரையில் 1970களின் பிற்பகுதியில் ஜோன் கார்ஸ்வெல் என்னும் அறிஞர் ஆராய்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் இதற்கு விடை கூறுகின்றன. களிமண், மேற்பூச்சு, அடிப்பாகத்தைக் கடைந்த முறை ஆகியவற்றைச் சீனத்துச் சூளைகளின் ஓடுகளோடு ஒப்புநோக்கி, அவை வட சொங் அரச மரபின் (960–1127) காலத்தன என்று துணிந்தனர். 2018இல் சாங்காய் அரும்பொருளகத்தாரும் இலங்கை மத்திய கலாசார நிதியத்தாரும் அங்கே மேலும் அகழ்ந்தனர்.

விலை யாது? உடைந்த ஓட்டுக்குச் சந்தையில் மதிப்பு அற்பமே. ஆயினும், ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகருக்குக் காவல் உண்டெனக் கூறும் 12ஆம் நூற்றாண்டு நயினாதீவுக் கல்வெட்டோடு சேர்த்து நோக்கின், அவ்வோடு நம் தீவுகளின் கடல் வாணிகத்துக்குச் சான்றாகும். கிடந்த இடத்தை விட்டு எடுத்துவிட்டால் அச்சான்று அழியும். ஆகவே, மாணவர்களே, மணலில் அத்தகைய ஓட்டைக் கண்டால் எடுத்துச் செல்லாதீர்கள். தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.