‘துண்டு’ என்ற கடன் சீட்டு



கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி மாத்தளைக்கு பஸ்ஸில் போகிறோமே, கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து நம்ம முன்னோர் மாத்தளை வழியாக நடந்துதான் வந்தார்கள். இங்கிலாந்தில் நீராவி ஆலைகள் பெருகின. அங்குள்ள வீடுகளில் தேநீரும் கோப்பியும் பழக்கமாயின. அதற்காக இங்கே காடு அழிந்தது. வந்தவர்களின் வழிச்செலவைக் கங்காணி அவர்கள் பேரிலேயே கடனாக எழுதிக்கொண்டார்.

வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமா? கடன் தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதுத்துரை அதைக் கட்டினால்தான் போகலாம். ஆளுக்கே விலை போட்ட மாதிரிதான்! 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்து, தேயிலை பரவியும் துண்டு ஒழியவில்லை. 1921இல்தான் சட்டம் ஒழித்தது. அதுவரை லாபம் லண்டனுக்கு, கடன் லயத்துக்கு.

இன்று சம்பளச் சீட்டில் முற்பணம் கழித்திருந்தால், எதற்கென்று கிளாக்கர் ஐயாவிடம் தயங்காமல் கேளுங்கள்.