தந்தையின் பங்கு மட்டும் இருந்தால்

திருச்சி மலைக்கோட்டையில் சித்திரைத் திருவிழா நடக்கும்போது 'செட்டிப்பெண் மருத்துவம்' என்று ஒரு நாள் உண்டு. மகள் ரத்னாவதியின் பிரசவத்துக்காகப் பூம்புகாரிலிருந்து கிளம்பிய தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே மாட்டிக்கொள்கிறாள். இக்கரையில் ரத்னாவதிக்கு வலி எடுத்துவிட்டது. சிவனே அவள் அம்மாவின் உருவில் வந்து பிரசவம் பார்க்கிறார். வெள்ளம் வடிந்து நிஜ அம்மா வாசலில் வந்து நின்ற பிறகுதான் வீட்டாருக்கு விஷயம் தெரிகிறது. இன்றைக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளின் வீட்டார் சுகப்பிரசவம் வேண்டித் தாயுமானவர் சன்னதிக்கு வாழைத்தார் எடுத்துப்போகிறார்கள்.

ஆற்றைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். கோயிலுக்குள் தன்வந்திரிக்குத் தனிச் சன்னதி இருக்கிறது. இங்கே ஓர் ஆரோக்கியசாலை இருந்ததையும், படையெடுப்பில் பாழான அதைக் கருடவாகன பட்டர் எடுத்துக் கட்டியதையும் 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு பேசுகிறது. பிரசவமும் வைத்தியமும் இந்த ஊர் மண்ணுக்குப் புதிதல்ல.

தாய் வந்துசேர முடியாத குறையைக் கதையில் கடவுள் தீர்த்துவைத்தார். கருவறைக்குள் அதே குறை நேர்ந்தால் என்ன ஆகும்? தாயின் பங்கு வந்து சேராமல், தந்தையின் பங்கு மட்டுமே இருந்து வளர்கிற கர்ப்பம் ஒன்று உண்டு. முத்துப்பிள்ளை கர்ப்பம் என்பார்கள்.

நாள் தள்ளிப்போகும். சிறுநீர்ப் பரிசோதனையில் இரண்டு கோடு பளிச்சென்று விழும். வீட்டில் இனிப்பு கொடுத்தாயிற்று. ஆனால் மசக்கை அளவுக்கு மீறிப் படுத்துகிறது. தண்ணீர் குடித்தால்கூட வாந்தி. மாதக் கணக்கைவிட வயிறு பெரிதாகத் தெரிகிறது. "ரெட்டைப் பிள்ளையோ என்னவோ" என்று மாமியார் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இரத்தம் படத் தொடங்கும். ஸ்கேனில் குழந்தை இல்லை, துடிப்பும் இல்லை. கர்ப்பப்பை நிறைய, வேகவைத்த ஜவ்வரிசி மாதிரி நீர் கோத்த மணிகள்.

மேலை நாடுகளில் இது சுமார் ஆயிரம் கர்ப்பங்களுக்கு ஒன்று. ஆசியாவில் அதைவிடக் கூடுதல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. மிகச் சிறு வயதில் கருவுறுபவர்களுக்கும் நாற்பதைத் தாண்டியவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். நெதர்லாந்தில் ஹேக் நகரை ஒட்டிய லூஸ்டுய்னன் என்ற ஊரில், 1276-இல் மார்கரெட் என்ற சீமாட்டி ஒரே பிரசவத்தில் 365 பிள்ளைகள் பெற்றாள் என்று ஒரு கதை வழங்குகிறது. ஆண் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே பெயர், பெண் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே பெயர் வைத்து ஞானஸ்நானம் செய்தார்களாம். அவள் பெற்றது ஒரு முத்துப்பிள்ளைக் கர்ப்பமாக இருந்திருக்கலாம் என்று பின்னாள் மருத்துவர்கள் ஊகித்தார்கள். ஊகம்தான், ஆனால் அந்த மணிகளை ஒருமுறை பார்த்தவர்களுக்கு, எண்ணிக்கை எங்கிருந்து வந்திருக்கும் என்று புரியும்.

இந்த மணிகள் யாருடையவை என்ற புதிர் 1977-இல்தான் அவிழ்ந்தது. ஜப்பானின் கஜீ, ஓஹாமா இருவரும் இவற்றின் குரோமோசோம்களைப் பெற்றோரின் குரோமோசோம்களோடு ஒப்பிட்டார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது: 46. ஆனால் தாயிடமிருந்து வரவேண்டிய 23-ஐக் காணவில்லை. நாற்பத்தாறும் தந்தையுடையவை. எப்படியோ தன் மரபணுக்களை இழந்துவிட்ட கருமுட்டைக்குள் ஒரு விந்தணு நுழைகிறது; அதன் 23 குரோமோசோம்கள் தங்களையே நகலெடுத்து 46 ஆகின்றன. பெரும்பாலும் நடப்பது இது. சில சமயம் இரண்டு விந்தணுக்கள் சேர்ந்தே அந்த வெற்று முட்டைக்குள் புகுந்துவிடும்.

நாற்பத்தாறு இருக்கும்போது குழந்தை ஏன் உருவாகவில்லை? பதில் எலிகளிடமிருந்து வந்தது. 1984-இல் கேம்பிரிட்ஜில் அஸீம் சுரானியின் குழுவும் பிலடெல்பியாவில் மெக்ராத், சோல்ட்டர் இருவரும் தனித்தனியே ஒரே மாதிரியான சோதனையைச் செய்தார்கள். தாயின் மரபணுக்களை மட்டும் வைத்து உருவாக்கிய எலிக் கருவில் குட்டியின் உடல் ஓரளவு உருவானது. நஞ்சுக்கொடி சரியாக வளரவில்லை. தந்தையின் மரபணுக்களை மட்டும் வைத்தால் நேர்மாறு: நஞ்சுக்கொடித் திசு வளர்ந்தது, குட்டி தேறவில்லை. சில மரபணுக்கள் அப்பாவிடமிருந்து வந்தால்தான் வேலை செய்யும். வேறு சில, அம்மாவிடமிருந்து வந்தால்தான். முத்துப்பிள்ளை கர்ப்பம் மனித உடலில் இயற்கையே செய்துகாட்டும் அதே சோதனை. அப்பாவின் பங்கு மட்டும் இருந்ததால் நஞ்சுக்கொடி மட்டும் கட்டுக்கடங்காமல் வளர்ந்து நிற்கிறது.

நஞ்சுக்கொடியை நாம் குழந்தைக்குச் சோறு போடும் சாதுவான உறுப்பாகவே நினைக்கிறோம். அதன் செல்கள் அப்படியொன்றும் சாதுவல்ல. கருப்பையின் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகின்றன. தாயின் இரத்தக் குழாய்களை உடைத்து அகலப்படுத்தி, இரத்தத்தைத் தங்கள் பக்கம் திருப்புகின்றன. பாதி அந்நியமாக இருந்தும் தாயின் நோய் எதிர்ப்பு மண்டலத்திடம் தப்பித்துக்கொள்கின்றன. புற்றுநோய் செல்களின் குணங்களைப் பட்டியலிடச் சொன்னால் இதையேதான் எழுதுவோம். எடின்பரோவில் ஜான் பியர்ட் என்ற உயிரியலாளர் 1902-லேயே இந்த ஒற்றுமையைச் சுட்டினார். (அதை வைத்து அவர் சொன்ன சிகிச்சை தேறவில்லை என்பது வேறு கதை.) ஒரே வித்தியாசம்: நஞ்சுக்கொடி சொன்ன இடத்தில் நின்றுவிடுகிறது. நிற்க வேண்டிய ஆழத்துக்கு முன்பே நின்றுவிட்டால் தாய்க்கு இரத்தக் கொதிப்பு, குழந்தைக்கு எடைக் குறைவு, குறைப்பிரசவம். அளவு தாண்டிப் போனால் பிரசவத்தில் நஞ்சு கழலாமல் உயிருக்கே ஆபத்தான இரத்தப்போக்கு. நல்ல பிரசவம் என்பது கருப்பைச் சுவரில் சில மில்லிமீட்டர் கணக்கில் நடக்கும் பேரம்.

முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் இந்தக் கடிவாளம் தளர்ந்துவிடுகிறது. உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்தபின் பெரும்பாலானவர்களுக்கு அதோடு முடிந்துபோகும். முழுமையான முத்துப்பிள்ளைக் கர்ப்பம் உள்ளவர்களில் நூற்றுக்குப் பதினைந்து, இருபது பேருக்கு மிச்சம் தங்கி மீண்டும் வளரும். நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு அது கோரியோகார்சினோமா என்ற புற்றுநோயாக மாறி, இரத்தத்தின் வழியே நுரையீரலுக்கோ மூளைக்கோ போய்விடும். பெண்ணின் உடலில் வளரும் இந்தக் கட்டியின் மரபணுக்கள் அவளுடையவை அல்ல, கணவனுடையவை. மருத்துவத்தில் இதைவிட விசித்திரமான வாக்கியத்தை நான் படித்ததில்லை.

1950-களின் நடுப்பகுதி வரை இந்த நோய் பரவிவிட்டால் கிட்டத்தட்ட மரண தண்டனை. அதை மாற்றிய மருந்தின் கதை நம் பக்கத்தில் தொடங்குகிறது, அதுவும் கர்ப்பிணிகளிடமிருந்தே.

1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஏழைக் கர்ப்பிணிகள் ஒருவகைக் கடும் இரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் மெக்கரிசனின் ஆய்வுக்கூடத்தில் வேலை. 1931-இல் சென்னைத் திருவல்லிக்கேணியின் கோஷா ஆஸ்பத்திரியில், இன்றைய கஸ்தூர்பா காந்தி தாய் சேய் மருத்துவமனையில். எலிகளையும் குரங்குகளையும் வைத்துச் சோதித்துப் பார்த்தவர், கடைசியில் ஈஸ்ட் சாறான மார்மைட்டில் விடை கண்டார். மலிவான பண்டம். அதைச் சாப்பிட்ட கர்ப்பிணிகள் தேறினார்கள். 1931-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். உள்ளே இருந்த பொருள் என்னவென்று அப்போது அவருக்குத் தெரியாது. பிறகு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது.

அதைச் செயற்கையாகத் தயாரித்தது அமெரிக்காவின் லெடர்லி நிறுவனத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு. பீமவரத்துக்காரர், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். காந்தியின் பேச்சைக் கேட்டுக் கதர் உடுத்தி அறுவை வகுப்புக்குப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறினார். அவருடைய சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்ற குடல் நோயால் இறந்திருந்தார்கள். அந்த நோய்க்குப் பயன்படும் மருந்துகளில் ஒன்று ஃபோலிக் அமிலம்.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இந்த வகை வைட்டமினை இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது நோய் இன்னும் வேகமெடுத்தது. அப்படியானால் வைட்டமினைத் தடுத்தால்? செல் பிரியும்போது புதிய டி.என்.ஏ. எழுத ஃபோலேட் வேண்டும். ஃபோலிக் அமிலத்தைப் போலவே இருந்து, அதன் இடத்தில் போய் உட்கார்ந்து, வேலையை மட்டும் செய்யாத மூலக்கூறுகளைச் சுப்பாராவின் குழு தயாரித்துக் கொடுத்தது. அந்த வரிசையில் வந்ததுதான் மெத்தோட்ரெக்சேட். 1948-இல் சுப்பாராவ் காலமானார். அதன் பெரிய வெற்றியை அவர் பார்க்கவில்லை.

அந்த வெற்றி 1956-இல் வந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியூ லீ, ராய் ஹெர்ட்ஸ் என்ற இருவர், கோரியோகார்சினோமா நுரையீரலுக்குப் பரவிய பெண்களுக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுத்தார்கள். எக்ஸ்ரேயில் கட்டிகள் மறைந்தன. பரவிவிட்ட திடக்கட்டிப் புற்றுநோய் ஒன்றை மருந்தாலேயே குணமாக்கியது உலகில் அதுதான் முதல் தடவை.

லீயின் பெருமை அங்கே முடியவில்லை. எனக்கு அதற்கு அடுத்ததுதான் முக்கியம். எக்ஸ்ரே சுத்தமாகிவிட்டது, நோயாளி நடமாடுகிறாள். ஆனால் சிறுநீரில் எச்.சி.ஜி. ஹார்மோன் கொஞ்சம் மிச்சமிருந்தது. கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் கோடு போடுகிற அதே ஹார்மோன். நஞ்சுக்கொடிச் செல்கள் சுரப்பது. அது பூஜ்யத்துக்கு வரும்வரை மருந்தை நிறுத்த மாட்டேன் என்றார் லீ. நன்றாக இருக்கும் பெண்களுக்கு விஷம் கொடுக்கிறார் என்று மேலதிகாரிகள் அடுத்த ஆண்டே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். சீக்கிரம் நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பியது; லீயின் நோயாளிகளுக்குத் திரும்பவில்லை. 1972-இல் லாஸ்கர் விருது தேடி வந்தது.

இன்று குறைந்த ஆபத்துப் பிரிவில் ஏறக்குறைய அத்தனை பேரும் குணமாகிறார்கள். பரவிய நிலையிலும் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். பரவலாகப் பயன்படும் ஒரு முறை எட்டு நாள் கணக்கு: ஒன்று, மூன்று, ஐந்து, ஏழாம் நாட்களில் மெத்தோட்ரெக்சேட் ஊசி, இடைப்பட்ட இரண்டு, நான்கு, ஆறு, எட்டாம் நாட்களில் ஃபோலினிக் அமிலம். முதல் நாள் வைட்டமினைத் தடுப்பது, மறுநாள் அதன் இன்னொரு வடிவத்தைக் கொடுத்து நல்ல செல்களைக் காப்பது. லூசி வில்ஸ் தேடியதும் சுப்பாராவ் அதற்கு எதிராகச் செய்ததும் ஒரே நோயாளிக்கு மாற்றி மாற்றிப் போகின்றன.

இந்த நோயில் தோற்பது பெரும்பாலும் மருந்தால் அல்ல, பாதியில் நின்றுபோகும் பரிசோதனையால் என்பது என் எண்ணம். சுத்தம் செய்த பிறகு பீட்டா எச்.சி.ஜி. அளவை வாராவாரம் பார்க்க வேண்டும். லட்சத்தைத் தாண்டியிருந்த எண் ஐந்துக்குக் கீழே இறங்கிய பிறகும் மாதாமாதம் பார்க்க வேண்டும். முசிறியிலிருந்தோ மணப்பாறையிலிருந்தோ பஸ் பிடித்துப் புத்தூர் அரசு மருத்துவமனைக்கு வரும் பெண்ணுக்கு இரத்தப்போக்கு நின்றுவிட்டது, உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எதற்கு வருவது? கூடவே வீட்டில் "அடுத்தது எப்போது" என்ற கேள்வி வேறு. கண்காணிப்பு முடியும்வரை கருத்தடை வேண்டும் என்று டாக்டர் சொல்வதன் காரணம் இதுதான்: புதிய கர்ப்பமும் அதே ஹார்மோனைச் சுரக்கும். எண் ஏறினால், வருவது குழந்தையா, நோயா என்று சொல்ல முடியாது.

கீமோ முடிந்த பெண்களை மருத்துவர்கள் வழக்கமாக ஒரு வருடம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அப்படிக் காத்திருந்து கருவுற்றவர்களின் நிலையைப் பல நாடுகளில் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். பிறந்த குழந்தைகளில் பிறவிக் குறைபாடுகள் மற்ற குழந்தைகளைவிடக் கூடவில்லை. மறுபடி முத்துப்பிள்ளை வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு.

அந்த அடுத்த கர்ப்பத்தில் நர்ஸம்மா கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச் சத்தோடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கும். கருவுறும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்தால் முதுகுத்தண்டுக் குறைபாடு மீண்டும் வராமல் 72 சதவீதம் தடுக்கலாம் என்று 1991-இல் பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. முன்பு முத்துப்பிள்ளை வந்தவர்கள் அரசின் கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண்ணுக்குப் பதியும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். ஆரம்பத்திலேயே ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். கீமோ வரை போனவர்களுக்குப் பிரசவம் முடிந்து ஆறு வாரம் கழித்து இன்னொரு எச்.சி.ஜி. பார்ப்பதும் வழக்கம். கோரியோகார்சினோமா அபூர்வமாக நல்ல பிரசவத்துக்குப் பின்னாலும் வந்திருக்கிறது.