மலட்டு வேட்டை மீனும் பாசி ஏரியும்: டைகர் மஸ்கியைத் தூண்டிலில் பிடிக்கும் முறை

டைகர் மஸ்கி எனப்படும் மீன் தனி இனம் அன்று; வட அமெரிக்க நன்னீரில் வாழும் மஸ்கலஞ்ச் (சுருக்கமாக மஸ்கி), நார்தன் பைக் என்னும் இரு பெரிய கொன்றுண்ணி மீன்களின் கலப்பில் அது உண்டாகிறது. இரண்டும் ஒரே ஏரியில் வாழும் இடங்களில் இக்கலப்பு எப்போதாவது தானாகவே நிகழ்வதுண்டு. விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களின் எல்லையில் உள்ள லாக் வியூ டெசர்ட் ஏரியில் 1919ஆம் ஆண்டில் பிடிபட்டு, 51 பவுண்டு 3 அவுன்ஸ், அதாவது 23 கிலோவுக்குச் சற்று மேலான எடையுடன் உலகச் சாதனையாகப் பதிவான மீன் அவ்வகை இயற்கைக் கலப்பே. ஆனால் இன்று தூண்டில்காரர்கள் தேடிப்போகும் டைகர் மஸ்கிகளில் பெரும்பாலானவை, பெண் மஸ்கியின் முட்டையோடு ஆண் பைக்கின் விந்துநீரைக் கலந்து மீன் பண்ணையில் பொரிக்க வைக்கப்பட்டு, சற்றே வளர்ந்தபின் ஏரிகளில் விடப்பட்டவை.

[காட்சி: மூன்று மீன்களும் அடுத்தடுத்து]

திரையில் உள்ள மூன்றில், கருமையான உடலில் வெளிர் புள்ளிகள் கொண்டது பைக். வெளிர் உடலில் கரும் புள்ளிகளோ பட்டைகளோ கொண்டது மஸ்கி. புலியின் உடலில் உள்ளது போன்ற, இடையிடையே அறுபட்ட செங்குத்துக் கோடுகளும் முனை மழுங்கி வளைந்த வால் துடுப்பும் உடையது டைகர் மஸ்கி. மூன்றுக்கும் உடலமைப்பு ஒன்றே: வாத்தின் அலகு போன்ற தட்டையான வாய், ஊசிப் பற்கள், நீண்ட உடல், வாலை ஒட்டிப் பின்னால் தள்ளி அமைந்த முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும். துடுப்புகள் இவ்வாறு பின்னே குவிந்திருப்பதால், அசையாமல் நிற்கும் மீன் கண்ணிமைக்கும் நேரத்தில் முழு வேகத்தை எட்டிவிடுகிறது. அதே காரணத்தால் இரையை நெடுந்தூரம் விரட்டிப் பிடிப்பது அதற்கு அவ்வளவாக ஒத்துவருவதில்லை. மறைந்து நின்று பாய்வதே அதன் வேட்டை முறை என்பதால் மறைவிடம் அதற்கு இன்றியமையாதது. ஏரியில் அந்த மறைவிடத்தைத் தருவது பெரும்பாலும் பாசியும் நீர்ச்செடிகளுமே.

மீன்வள நிர்வாகிகள் இந்தக் கலப்பினத்தை விரும்புவதற்குக் காரணம் அதன் மலட்டுத்தன்மை. குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதையைப் போல இதுவும் ஏறத்தாழ முழு மலடு. விட்ட எண்ணிக்கைக்கு மேல் பெருகாது, விடுவதை நிறுத்தினால் சில ஆண்டுகளில் மறைந்தும் போகும். இந்தப் பாதுகாப்பின் மதிப்பை உணர்த்துவது கலிபோர்னியாவின் டேவிஸ் ஏரி. அங்கே யாரோ சட்டத்துக்குப் புறம்பாகக் கொண்டுவந்து விட்ட நார்தன் பைக் பெருகியதால், அது ஆற்று வழியே இறங்கி சால்மன் வாழும் நீர்நிலைகளை அடைந்துவிடும் என்று அஞ்சிய மாநில அரசு, 1997ஆம் ஆண்டில் ஏரி முழுவதிலும் ரோட்டினோன் என்னும் மீன் நஞ்சைக் கலந்தது. பைக் மறுபடியும் தலைகாட்டவே 2007ஆம் ஆண்டில் இரண்டாம் முறையும் கலக்க வேண்டியதாயிற்று. தந்தை மீனுக்கு ஒரு மாநிலத்தில் நஞ்சு வைக்கப்பட்ட அதே காலகட்டத்தில், பக்கத்து வட்டாரங்களில் அதன் மலட்டுப் பிள்ளைக்கு அரசுச் செலவில் வரவேற்பு நடந்துகொண்டிருந்தது. வாஷிங்டன் மாநிலம் 1988ஆம் ஆண்டிலேயே கௌலிட்ஸ் ஆற்றின் மேஃபீல்டு நீர்த்தேக்கத்தில் டைகர் மஸ்கியை விட்டது. சால்மன், டிரவுட் குஞ்சுகளைத் தின்னும் பைக்மின்னோ என்னும் மீனைக் குறைப்பது அதன் நோக்கம்.

இந்த நோக்கத்துக்கு டைகர் மஸ்கியின் நாக்கும் ஒத்துழைக்கிறது. முள் துடுப்பும் அகன்ற உடலும் கொண்ட பாஸ், சன்ஃபிஷ் போன்றவற்றைவிட, மென்துடுப்பும் நீள உடலும் கொண்ட சக்கர், பைக்மின்னோ முதலியவற்றையே அது விரும்பி உண்கிறது. எனினும் டிரவுட்டும் மென்துடுப்பு மீன்தான். ஏரியில் டிரவுட் விடப்பட்டால் அதையும் இந்த மீன் விட்டுவைக்காது என்பதை இத்திட்டத்தை மெச்சுவோர் சற்று அடக்கியே பேசுகின்றனர்.

இனி பாசியைப் பற்றி. வாஷிங்டனின் வடகிழக்கில் ஃபெர்ரி கவுண்டியில் நீண்டு கிடக்கும் கர்லூ ஏரி, 2014ஆம் ஆண்டில் 17 கிலோவைத் தாண்டிய மாநிலச் சாதனை மீனைத் தந்தது. கோடையில் செடி மண்டும் இத்தகைய ஏரியைக் கரையிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே பச்சையாகத் தோன்றும். ஆனால் மீன் அந்தப் பச்சை முழுவதிலும் பரவி நிற்பதில்லை. சூரிய ஒளி எட்டும் ஆழம் வரையே நீர்ச்செடி வேர்விடும் என்பதால், கலங்கிய ஏரியில் இரண்டு மீட்டருக்குள்ளும் தெளிந்த ஏரியில் ஐந்தாறு மீட்டர் வரையிலும் வளர்ந்து, அதற்கப்பால் சுவர் வைத்தாற்போல் செடிக்கூட்டம் நின்றுவிடுகிறது. அந்த விளிம்பே வேட்டைக் களம். அதிலும் நேராக ஓடும் விளிம்பைவிட, ஆழத்தை நோக்கி மூக்குபோல் நீட்டிக்கொண்டிருக்கும் முனை, உள்ளே குடைந்த வளைவு, நடுவில் செடியற்ற சிறு பொட்டல், அகன்ற இலைச் செடியும் மெல்லிழைச் செடியும் சந்திக்கும் எல்லை ஆகியவையே மீனை நிறுத்திவைக்கின்றன. ஒழுங்கு குலையும் இடத்தில்தான் சிறு மீன்கள் வெளிப்பட்டு நடமாடுகின்றன.

செடி உயிரோடு இருக்கிறதா என்பதும் முக்கியம். பகலில் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளிவிடும் செடிகள் இரவில் அதை உள்ளிழுத்துக்கொள்கின்றன; இலையுதிர் காலத்தில் மடிந்து அழுகும் செடியோ இரவு பகல் பாராமல் நீரின் ஆக்சிஜனைக் குறைக்கிறது. ஆகவே செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பழுப்பேறிய பரப்பைக் கடந்து, இன்னும் பச்சை மாறாமல் நிற்கும் திட்டுகளைத் தேடுவோருக்கே மீன் கிடைக்கிறது. தூண்டில் முள்ளில் சிக்கி வரும் செடி பச்சையாக முறுகலாக இருக்கிறதா, கொழகொழவென்று வருகிறதா என்று பார்ப்பதே இதற்குப் போதுமான சோதனை.

[காட்சி: படகின் ஓரத்தில் ராடு, ரீல், செயற்கை இரைகள்]

இரையின் தேர்வைச் செடியின் நிலையே தீர்மானிக்கிறது. செடி நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே நின்றால், சுழலும் உலோகத் தகடும் முடிக் குஞ்சமும் கொண்ட பக்டெயில் ஸ்பின்னரை அதன் தலைக்குச் சற்று மேலே உரசாமல் இழுக்கலாம். செடி நீர்மட்டத்தைத் தொட்டுவிட்டால், முள்ளின் முனையைக் கம்பிச் சட்டம் மறைக்கும் ஸ்பின்னர்பெய்ட் அல்லது நீரின் மேலேயே ஓசையெழுப்பி ஓடும் மிதவை இரை பொருந்தும். மூன்று கொக்கிகள் கொண்ட முள் தொங்கும் இரையை அங்கே வீசினால் மீனுக்குப் பதில் கத்தை கத்தையாகச் செடிதான் வரும். ராடு இரண்டரை மீட்டருக்குக் குறையாமல் இருப்பதும், பின்னல் நரம்பு 65 முதல் 80 பவுண்டு வரை தாங்குவதும் மிகையல்ல. செடிக்குள் தலையை நுழைத்துவிட்ட மீனை மெல்லிய நரம்பால் மீட்க இயலாது. நரம்புக்கும் இரைக்கும் இடையே கட்டப்படும் லீடர், அதாவது பல்லில் அறுபடாத எஃகுக் கம்பித் துண்டு, இல்லாமல் வீசுவது மீனின் வாயில் முள்ளை விட்டுவிடுவதற்கு ஒப்பாகும்.

[காட்சி: படகருகே ராடின் முனை, மேலிருந்து]

டைகர் மஸ்கி செடியிலிருந்து புறப்பட்டு, கடிக்காமலே படகு வரை இரையைப் பின்தொடர்வது வழக்கம். இரையை நீரிலிருந்து தூக்கிய கணத்தில் வேட்டை முடிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் எட்டு வடிவம் போடுதல் என்னும் முறை கையாளப்படுகிறது. லீடரோடு ஒரு சாண் நரம்பு மட்டும் மிஞ்சும்படி சுற்றிவிட்டு, ராடின் முனையை நீருக்குள் அழுத்தி, இரையின் ஓட்டம் ஒரு நொடியும் நிற்காமல் 8 என்ற எண்ணைப் போல அகலமாக இழுக்க வேண்டும். நீண்ட மீனால் குறுகிய வளைவில் திரும்ப முடியாது. எனவே வளைவு எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது. பாய்ச்சல் பெரும்பாலும் வளைவைவிட்டு இரை வெளிவரும் இடத்தில் நிகழ்கிறது. மீனே கண்ணில் படாதபோதும் இதைச் செய்யவேண்டும் என்பது பழகியவர்களின் கண்டிப்பு. கலங்கிய நீரில் பின்தொடரும் மீனைக் கடைசி நொடி வரை எவரும் காண்பதில்லை.

வாஷிங்டனில் 50 அங்குலம், அதாவது 127 சென்டிமீட்டருக்குக் குறைந்த டைகர் மஸ்கியை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை என்பதால், பிடிபடுவதில் ஏறக்குறைய எல்லாமே திரும்ப விடப்படுகின்றன. இறந்துபோகும் மீனுக்கு ஈடாக ஏரியில் குஞ்சு பொரிக்கப்போவதில்லை, பண்ணையிலிருந்து அடுத்த வண்டி வந்தாக வேண்டும். ஆதலால் விடும் முறை பிடிக்கும் முறைக்குச் சமமான கவனத்தைப் பெறுகிறது. ரப்பர் பூசிய பெரிய கைவலையில் மீனை நீருக்குள்ளேயே வைத்து, நீள்மூக்குக் குறடால் முள்ளை எடுப்பதும், ஆழமாகப் பதிந்திருந்தால் இழுத்துப் போராடாமல் கம்பி வெட்டும் கருவியால் முள்ளையே நறுக்கிவிடுவதும், படத்துக்காகத் தூக்கினால் செவுளடியிலும் வயிற்றடியிலுமாகக் கிடைமட்டமாகத் தாங்குவதும் வழக்கமான நெறிகள். நீரின் வெப்பம் 27 டிகிரி செல்சியஸை நெருங்கும் ஆகஸ்ட் நாள்களில், போராடிக் களைத்த மீன் நீந்திச் சென்றபின்னும் இறந்துவிடக்கூடும் என்பதால், அனுபவமுள்ளவர்கள் விடியற்காலையோடு முடித்துக்கொள்கிறார்கள், அல்லது நீர் குளிரும்வரை வேறு மீனைத் தேடிப் போகிறார்கள்.