உத்தி பிரித்ததும் ஏலம் எடுத்ததும்

அறுப்பு முடிந்த வயலில் தாள் காலைக் குத்தும். மண்வெட்டியால் அதைச் செதுக்கித் தள்ளி, குதிகாலால் கோடு இழுத்துவிட்டால் சடுகுடுக் களம் தயார். மன்னார்குடியைச் சுற்றிய ஊர்களில் 1970-களில் பையன்களாக இருந்தவர்களுக்கு, அந்தக் களத்தில் அணி பிரித்த முறை மறந்திருக்காது. ஏறக்குறைய சம பலமுள்ள இருவர் தோளில் கை போட்டுக்கொண்டு ஒதுங்கிப் போவார்கள். ஒருவன் வெண்ணெய், இன்னொருவன் தயிர் என்று ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, இரண்டு தலைவர்களின் முன்னால் நின்று எது வேண்டும் என்று கேட்பார்கள். தயிர் என்று சொன்னவனுக்குத் தயிர் போவான், மற்றவனுக்கு வெண்ணெய். இதற்கு உத்தி பிரித்தல் என்று பெயர்.

இன்று நினைத்துப் பார்த்தால் அந்த முறையின் நுட்பம் வியப்பாக இருக்கிறது. ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தலைவனுக்கு இல்லை. தனக்கு நிகர் யார் என்பதை ஆடுகிறவனே முடிவு செய்து ஜோடி சேர வேண்டும். நன்றாகப் பாடிப் போகிறவன் ஒரு நோஞ்சானோடு தோளில் கை போட்டு வந்தால் ஊரே சிரிக்கும். யார் எந்தப் பக்கம் விழுவார்கள் என்று யாருக்கும் தெரியாது என்பதால், ஒரு நாள் அணியில் பாடிப் போகிறவர்களே நிறைந்திருப்பார்கள், மறுநாள் பிடிக்கிறவர்களே நிறைந்திருப்பார்கள். நேற்று மூலையில் நின்றவன் இன்று மூச்சுப் பிடித்துப் பாடிப் போக வேண்டும். "எனக்குப் பிடிக்கத்தான் தெரியும்" என்று அங்கே யாரும் சொல்ல முடியாது.

இன்று அணி பிரிப்பது மும்பையில், ஒரு நட்சத்திர ஓட்டலில். 12 அணிகளின் மேசைகள், திரையில் வீரரின் படம், அடிப்படை விலை, ஏலம் விடுபவரின் சுத்தியல். 2025-ஆம் ஆண்டு புரோ கபடி ஏலம் மே 31-ஆம் தேதியும் ஜூன் 1-ஆம் தேதியும் நடந்தது. மேட்டூர் திறக்குமா, குறுவைக்கு எப்போது நாற்று விடலாம் என்று டெல்டா முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும் நாட்கள் அவை. அந்த இரண்டு நாளும் மன்னார்குடி பந்தலடிப் பக்கத்து டீக்கடையில் தண்ணீரைப் பற்றிய பேச்சைவிட தமிழ் தலைவாஸ் யாரை எடுத்தார்கள் என்ற பேச்சே அதிகம் கேட்டது. ஜெய்ப்பூருக்கு 2022-இல் கோப்பை வாங்கிக் கொடுத்த அர்ஜுன் தேஷ்வாலை 1 கோடியே 40 லட்சத்து 50 ஆயிரத்துக்கு எடுத்திருந்தார்கள். ஒவ்வோர் அணிக்கும் மொத்தக் கையிருப்பே 5 கோடிதான்.

"அஞ்சு கோடியில ஒண்ணு நாப்பதை ஒரே ரைடருக்குக் குடுத்துட்டா, பிடிக்கிறதுக்கு எங்கேருந்து மாமா ஆள் வரும்? ரெண்டும் தெரிஞ்சவனா நாலு பேரை எடுத்திருக்கலாம்ல?" என்றார் கைப்பேசியில் பட்டியலை வைத்திருந்த இளைஞர்.

"வெளிய உட்கார்ந்தவன் உள்ள வரணும்னா மொதல்ல ஒருத்தன் தொட்டுட்டு வரணும்டா மாப்ளே. தொடுறவன் இல்லாம பிடிக்கிறவனை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவே?" என்றார் மாமா. தன் காலத்தில் வட்டாரப் போட்டிகளில் வலது மூலை பிடித்தவர் அவர். இருந்தும் ரைடருக்காகப் பேசினார்.

இருவரும் சொன்னது சரியான கணக்கு. ஆடவர் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பக்கத்துக்கு ஏழு பேர். ஒரு ரைடுக்கு 30 விநாடி. தொடப்பட்டவன் வெளியே போவான்; தன் அணி எதிரணியில் ஒருவனை அவுட்டாக்கினால்தான் ஒருவன் திரும்பி வர முடியும். ஆறு பேருக்குக் குறைந்தால் போனஸ் கோட்டைத் தொட்டுப் புள்ளி எடுக்கும் வழி எதிராளிக்கு மூடிப்போகும். மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ நின்று பிடித்துவிட்டால் ஒன்றுக்கு இரண்டு புள்ளி. தொடர்ந்து இரண்டு ரைடு வெறுமனே போனால், மூன்றாவது ரைடில் புள்ளி எடுத்தே தீர வேண்டும். இல்லையென்றால் போனவனே அவுட். அந்த நேரத்தில் முதன்மை ரைடர் வெளியே உட்கார்ந்திருந்தால் யார் போவது? மூலை பிடிக்கிறவனுக்குப் பாடிப் போகவும் தெரிந்திருந்தால் அணி பிழைக்கும். இரண்டும் தெரிந்தவனை ஆல்ரவுண்டர் என்று தனி வகையாக ஏலப் பட்டியலில் போடுவதற்குக் காரணம் அந்த 30 விநாடிதான்.

பணத்தைப் பார்ப்போம். 2014-இல் புரோ கபடி தொடங்கியபோது எட்டு அணிகள். முதல் ஏலத்திலேயே அதிக விலைக்குப் போனவர் இந்திய அணித் தலைவராக இருந்த ராகேஷ் குமார். பாட்னா கொடுத்தது 12 லட்சத்து 80 ஆயிரம். 2018-இல் மோனு கோயத்துக்கு ஹரியானா 1 கோடியே 51 லட்சம் கொடுத்தது. 2023-இல் பவன் செஹ்ராவத்தைத் தெலுங்கு டைட்டன்ஸ் 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கியது. ஒன்பதே ஆண்டில் இருபது மடங்கு. எங்கள் பக்கத்துப் போட்டிகளில் முதல் பரிசாகச் சுழற்கோப்பையும் ஓர் ஆட்டுக்கிடாயும் கொடுத்த காலத்தை நேரில் கண்டவர்களுக்கு இந்த எண்களை நம்பவே சற்று நேரம் பிடிக்கும். கிடாய் அன்றிரவே குழம்பாகிவிடும். கோப்பையை மறு வருஷம் திருப்பித் தர வேண்டும்.

தமிழ் தலைவாஸ் 2017-இல் வந்தது. வந்ததிலிருந்து பெரிய பெயர்களைத் தேடிப் போன அணி அது. 2019-இல் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர் மூவரும் ஒரே அணியில் இருந்தார்கள். மஞ்சீத் பாடவும் பிடிக்கவும் தெரிந்தவர், நாட்டின் மிகச் சிறந்த ஆல்ரவுண்டர்களில் ஒருவர். அந்த ஆண்டு 12 அணிகளில் தலைவாஸுக்குக் கடைசி இடம். அடுத்த பருவத்திலும் விடியவில்லை.

பிறகு 2022. பவன் செஹ்ராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள்; அதுவரை யாரும் அந்த விலைக்குப் போனதில்லை. அக்டோபரில் பெங்களூரில் குஜராத்துக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று. பருவம் முழுக்க அவர் திரும்பவில்லை. டீக்கடையில் அன்று துக்க வீடுபோல உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அதுவரை பெயர் தெரியாத நரேந்தர் என்ற இளைஞர் பாடிப் போய் 200 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார். மூலைகளில் சாகரும் சாஹில் குலியாவும் நின்றார்கள். தலைவாஸ் முதன்முறையாகப் பிளே-ஆஃப் சுற்றுக்குப் போனது அந்த ஆண்டுதான். அரையிறுதியில் புனேயிடம் தோற்றது. இரண்டேகால் கோடி வெளியே உட்கார்ந்திருக்க, அணி ஏறி வந்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஈரான் வீரர் முகமது ரெசா ஷாத்லூயி இருக்கிறார். ஆல்ரவுண்டராகப் பட்டியலில் வருபவர், இடது மூலையில் இரும்புபோல நிற்பவர், வேண்டும்போது பாடிப் போகவும் தயங்காதவர். 2023 ஏலத்தில் புனே 2 கோடியே 35 லட்சம் கொடுத்தது. அந்தப் பருவத்தின் கோப்பை புனேக்கு. 2024-இல் ஹரியானா 2 கோடியே 7 லட்சம் கொடுத்தது, கோப்பை ஹரியானாவுக்கு. 2025-இல் குஜராத் 2 கோடியே 23 லட்சத்துக்கு எடுத்தது. உத்தி பிரித்த காலத்தில் எல்லாப் பையன்களும் செய்ததை இப்போது ஒருவர் செய்வதற்கு விலை இரண்டு கோடி.

அமெரிக்கக் கால்பந்தில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். கல்லூரியிலிருந்து வரும் புது ஆட்டக்காரர்களை ஏலம் விடுவதில்லை. போன ஆண்டு கடைசி இடம் பிடித்த அணி முதலில் எடுக்கலாம், வென்ற அணி கடைசியில். 1936 முதல் அப்படித்தான். இளைத்தவனுக்கு முதல் கை. நம் ஏலத்தில் சமநிலை என்பது எல்லாருக்கும் ஒரே 5 கோடி என்பதில் இருக்கிறது. உத்தியில் அது வெண்ணெய்க்கும் தயிருக்கும் நடுவே, ஆடுகிற பையனின் நேர்மையில் இருந்தது.

எங்கள் ஊர் அணிகளுக்குப் பன்முகத் திறமை ஆசைப்பட்டு வந்ததல்ல. ஆள் போதாது என்பதால் வந்தது. போட்டி நோட்டீசில் 60 கிலோ, 65 கிலோ என்று எடை போட்டிருக்கும். ஏழு பேரும் அந்த எடைக்குள் அமைவதே பெரும்பாடு. தராசில் ஏறுவதற்கு முன் இரண்டு வேளை சோறு தள்ளிய பையன்களைப் பார்த்திருக்கிறேன். வேனில் வந்து இறங்கும்போது ஒருவன் குறைவான். ஒருவனுக்குச் சிங்கப்பூர் விசா வந்திருக்கும், ஒருவன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பான், ஒருவனுக்கு அன்று மடைக்குத் தண்ணீர் முறை. இருக்கிறவனை வைத்து ஆட வேண்டும். எங்கள் அணியில் இடது மூலை நின்றவர் ஒரு மாசி மாதம் வெளிநாடு போய்விட்டார். அந்த இடத்தில் நின்றது அதுவரை பாடிப் போவதற்காக மட்டுமே அழைத்துவரப்பட்ட ஒல்லிப் பையன். முதல் ஆட்டத்தில் மூன்று முறை கணுக்காலைக் குறிவைத்துப் பாய்ந்து மூன்று முறையும் கோட்டைவிட்டான். அடுத்த சித்திரைக்குள் அவன் பிடியிலிருந்து கால் உருவுகிறவன் சுற்று வட்டாரத்தில் இல்லை.

ஒன்றையே செய்து உயர்ந்தவரும் இந்த மண்ணில் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். தஞ்சை மாவட்டம் திருச்சென்னம்பூண்டியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் வலது மூலைக்காரர். 1975-இல் பிறந்தவர். 2016-இல் பாட்னா கோப்பையை வென்றபோது அதன் தலைவர் அவர். அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 2019-இல் தம் 44-ஆம் வயதில் ஹரியானாவுக்குத் தலைமை தாங்கினார். வடநாட்டுப் பையன்களும் அவரை அண்ணா என்றே கூப்பிட்டார்கள். பாடிப் போய்ப் பெயர் வாங்கியவரல்ல. ஒரே மூலையைக் கால் நூற்றாண்டுக்கு மேல் காத்தவர். டீக்கடையில் ஆல்ரவுண்டர் கட்சி எப்போதெல்லாம் ஓங்குகிறதோ, அப்போதெல்லாம் மாமா எடுத்துப் போடும் சீட்டு சேரலாதன்தான். அதற்குப் பதில் சொல்வது கடினம். ஆனால் சேரலாதனைப் போல ஒருவர் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வருகிறார்.

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் இருக்கும் வடுவூரை வெளியூர்க்காரர்களுக்குக் கோதண்டராமர் கோயிலாலும் பறவைகள் வரும் ஏரியாலும் தெரியும். எங்களுக்கு அது கபடி ஊர். மண்ணில் ஆடிய அந்த ஊரில் இன்று மேட் விரித்த உள்விளையாட்டு அரங்கம் இருக்கிறது. முட்டி தேய்ந்த காயத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்ட காலம் போய், முழங்கால் உறையும் ஷூவும் வந்துவிட்டன. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பையன்கள் ஈரானை 35-32 என்று வென்று தங்கம் வாங்கியபோது, அந்த அணியில் வடுவூர் அபினேஷ் மோகன்தாஸ் இருந்தார். பெண்கள் 75-21 என்று வென்றார்கள். அதில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. இருவருக்கும் தமிழக அரசு தலா 25 லட்சம் கொடுத்தது. 2014-இல் நாட்டிலேயே விலை உயர்ந்த கபடி ஆட்டக்காரர் ஒரு பருவம் முழுக்க ஆடி வாங்கியதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு அது. வரவு என்றால் இதுதான் வரவு. கார்த்திகாவைப் போன்ற பெண்களுக்குப் புரோ கபடி அளவுக்கு ஏலம் விடும் லீக் மட்டும் நிலைக்கவில்லை. 2016-இல் மூன்று அணிகளை வைத்து நடத்திப் பார்த்ததோடு நின்றுபோயிற்று.

இழந்தது என்னவென்று கேட்டால், மைதானத்தில் 13 வயதுப் பையன்களிடம் போய்ப் பேசிப் பாருங்கள். "நீ என்ன ஆடுவே தம்பி?" என்று கேட்டால் அன்று "கபடி" என்று பதில் வரும். இன்று "லெப்ட் கவர் சார்" என்கிறான் ஒருவன். "ரைட் ரைடர்" என்கிறான் இன்னொருவன். ஏலப் பட்டியலின் வகைகள் வயல் வரப்புவரை வந்துவிட்டன. தொலைக்காட்சியில் ரைடருக்கு விழும் கைதட்டலைப் பார்த்துவிட்டு, பிடிக்கப் பழகவே மறுக்கிற பையன்கள் இருக்கிறார்கள். மூலைக்கு என்று ஒதுக்கப்பட்டவனுக்குப் பாடிப் போக வாய்ப்பே கிடைப்பதில்லை. இதில் பையன்கள் மேல் குறை இல்லை. சீக்கிரம் தேர்வாக வேண்டும் என்ற அவசரம் பெரியவர்களுடையது.

டெல்டாவில் பையன்களுக்குக் கபடி சொல்லிக் கொடுக்கும் ஒவ்வொரு அண்ணனிடமும் நான் கேட்பது ஒன்றுதான். வாரத்தில் ஒரு நாள் உத்தி பிரித்து ஆடவிடுங்கள். அன்று மூலைக்காரன் பாடிப் போகட்டும், பாடுகிறவன் மூலையில் நின்று கணுக்காலுக்குப் பாயட்டும். அவன் ரைடரா, கேட்சரா என்று 18 வயதுக்குப் பிறகு ஏலக்காரர்கள் எழுதிக்கொள்ளட்டும்.