சிற்றலையில் காற்றை அளக்கும் ரேடார்

இரண்டாம் உலகப் போரின்போது கப்பல்களில் ரேடாரை இயக்கியவர்களுக்கு ஓயாத தொல்லை ஒன்று இருந்தது. எதிரிக் கப்பலைத் தேடினால், கடல்பரப்பே ரேடார் அலைகளைத் திருப்பியனுப்பித் திரையை நிரப்பிவிடும். காற்று வலுக்க வலுக்க அந்த இரைச்சலும் கூடியது. பின்னாளில் கடற்காற்றை அளக்க வழிகாட்டியது அந்தத் தொல்லைதான்.

அதற்கான கருவியின் பெயர் ஸ்கேட்டரோமீட்டர். 2009 செப்டம்பர் 23 அன்று இஸ்ரோ ஏவிய ஓசன்சாட்-2 செயற்கைக்கோள் அப்படியொன்றைச் சுமந்து சென்றது. 720 கிலோமீட்டர் உயரத்தில், 1 மீட்டர் விட்டமுள்ள தட்டு ஆன்டெனா நிமிடத்துக்கு 20 முறை சுழன்றபடி கடலை நோக்கி நுண்ணலைத் துடிப்புகளை அனுப்பியது. அலைநீளம் சுமார் 2.2 சென்டிமீட்டர். இந்த அலைகளுக்கு மேகமும் இருட்டும் தடையில்லை.

கருவி காற்றைப் பார்ப்பதில்லை. காற்று கடலில் செய்வதைப் பார்க்கிறது. கடல் கண்ணாடிபோல் கிடந்தால், சாய்வாக விழும் துடிப்பு மறுபக்கம் தெறித்துப் போய்விடும். காற்று வீசியதும் நீர்மேல் சிற்றலைகள் எழும். கரையில் வந்து மோதும் பேரலைகளுக்கு இங்கே பெரிய வேலையில்லை. சுமார் 1.5 சென்டிமீட்டர் இடைவெளியில் அமையும் சிற்றலைகளில் பட்டுத் திரும்பும் எதிரொலிகள்தாம் ஒன்றோடொன்று இசைந்து வலுப்பெறுகின்றன. காற்றின் வேகம் கூடினால் எதிரொலியும் கூடும்.

திசையை எப்படி அறிவது? காற்றின் போக்கிலேயே பார்த்தால் எதிரொலி அதிகம். குறுக்கே பார்த்தால் குறைவு. சுழலும் ஆன்டெனாவின் இரண்டு கற்றைகள் ஒரே இடத்தை முன்னும் பின்னுமாக நான்கு முறை பார்க்கின்றன. நான்கையும் ஒப்பிட்டாலும் சில நேரம் ஒன்றுக்கு மேற்பட்ட விடை கிடைக்கும். வானிலைக் கணிப்பு மாதிரிகளோடு பொருத்திப் பார்த்துச் சரியானதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

2009 நவம்பரில் இதே வேலையைச் செய்துவந்த நாசாவின் குயிக்ஸ்கேட் செயற்கைக்கோளின் ஆன்டெனா, பத்தாண்டு உழைப்புக்குப் பின் சுழலாமல் நின்றுவிட்டது. 2012 அக்டோபரில் சாண்டி புயல் அமெரிக்கக் கிழக்குக் கரையை நெருங்கியபோது நாசா வெளியிட்ட காற்று வரைபடம் ஒன்று, ஓசன்சாட்-2 தந்த தரவில் உருவானது. ஓசன்சாட்-2 செய்த வேலையை 2016-இல் ஸ்கேட்சாட்-1 தொடர்ந்தது. 2022-இல் ஓசன்சாட்-3 ஏவப்பட்டது.

கனமழைதான் இக்கருவிக்குப் பெரிய சிக்கல். துளிகள் வழியிலேயே துடிப்பைச் சிதறடிக்கும். கடலில் விழுந்து புதிய சிற்றலைகளையும் எழுப்பும். ஐரோப்பாவின் மெட்டாப் செயற்கைக்கோள்களில் உள்ள ஸ்கேட்டரோமீட்டரின் அலைநீளம் சுமார் 5.7 சென்டிமீட்டர் என்பதால் அது மழையை நன்றாகவே சமாளிக்கிறது. ஆனால் அது அளக்கும் இரு பட்டைகளுக்கு நடுவே அகலமான இடைவெளி விழும். அதனால் வங்கக்கடலில் புயல் உருவாகும்போது வானிலை ஆய்வாளர்கள் இருவகைத் தரவுகளையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.