ஆபீஸ்ல பாகுபாடா? போஸ்ட் போடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு!

இன்னைக்கு ஒரு லெதர் ஜாக்கெட் கதையில இருந்து ஆரம்பிப்போம்.

2016-ல் ஊபர் நிறுவனத்தின் ஒரு இன்ஜினியரிங் டீமுக்கு ஜாக்கெட் தர்றதா சொல்லி, எல்லோருக்கும் அளவு எடுத்தாங்க. கடைசியில் 120-க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு மட்டும் ஆர்டர் போச்சு. ஆறு பெண்களுக்கு இல்லை. ஆறு பேருக்கு வாங்கினா தள்ளுபடி கிடைக்காதாம்!

இதை எழுதியவர் அந்த டீமில் இருந்த சூசன் ஃபவுலர். 2017 பிப்ரவரி 19 அன்று அவர் போட்ட வலைப்பதிவு உலகம் முழுக்கப் பரவியது. அந்த ஜூன் மாதமே 20-க்கும் மேற்பட்டவர்கள் வேலையை விட்டு நீக்கப்பட்டார்கள். தலைமைச் செயல் அதிகாரி டிராவிஸ் கலானிக் பதவி விலகினார்.

எல்லோரும் கவனிக்காத விஷயம்

அவர் கோபத்தில் ராத்திரியோட ராத்திரியா போஸ்ட் போடலை. மேனேஜர் அனுப்பிய தவறான மெசேஜை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து எச்.ஆர்-க்கு அனுப்பினார். அது பலிக்கலைன்னதும் வேற வேலைக்கான ஆஃபரை கையில் வாங்கினார். வெளியே வந்த பிறகுதான் எழுதினார்.

பணத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

அவருடைய ரேட்டிங்கை பின்னாடி குறைச்சதால, சம்பளம், போனஸ் இரண்டிலும் அடி விழுந்ததாக எழுதியிருக்கார். நம்ம கணக்கில் பாருங்க. வருஷ சம்பளம் 6 லட்சம். 10% ஹைக் வரவேண்டிய இடத்தில் 6% வந்தா, முதல் வருஷமே 24,000 ரூபாய் நஷ்டம். அடுத்த ஹைக்கும் அந்தக் குறைஞ்ச தொகை மேலதான்!

நம்ம ஊரில் என்ன செய்யலாம்?

1. தேதி, நேரம், யார் இருந்தாங்கன்னு அன்னைக்கே குறிச்சு வைங்க. ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், அப்ரைசல் லெட்டர் எல்லாம் பத்திரமா இருக்கட்டும். ஆனா கம்பெனியோட ரகசிய ஃபைல்களை சொந்த மெயிலுக்கு அனுப்பாதீங்க.

2. பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லைன்னா, 2013-ம் ஆண்டு சட்டப்படி 10 பேரோ அதுக்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்கணும். மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் தரணும். சம்பளப் பாகுபாடு இந்தக் குழுவில் வராது, அது வேற வழி.

3. அந்தப் புகாரின் விவரங்களை வெளியிட சட்டம் தடை போடுது. பேர் போட்டு எழுதினா அவதூறு வழக்கும் வரலாம். அதனால முதல்ல வக்கீலைப் பாருங்க, அப்புறம் போஸ்ட்.

4. ஆறு மாசச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்ட், கம்பெனியை நம்பாத தனி மெடிக்கல் இன்ஷூரன்ஸ். இது ரெண்டும் இருந்தா பயம் பாதி குறையும்.

அந்த ஆறு மாசப் பணம் வெறும் சேமிப்பு இல்லைங்க. "இது தப்பு"ன்னு சொல்ற தைரியத்துக்கான விலை. இந்த மாசமே ஆரம்பிங்க. எவ்வளவு, எங்க போடலாம்னு நம்ம சேனல் வீடியோவில் பார்க்கலாம்!