அலுமினிய பஸ்பார்

அலுமினிய பஸ்பார் என்பது மின்மாற்றியிலிருந்தோ மின்னாக்கியிலிருந்தோ வரும் பெரும் மின்னோட்டத்தைப் பல கிளைச் சுற்றுகளுக்குப் பிரித்தளிக்கும் அலுமினியப் பட்டை ஆகும். தொழிற்சாலை மின் பேனல்களிலும் துணை மின்நிலையங்களிலும் இதைக் காணலாம்.

அலுமினியத்தின் மின்கடத்துதிறன் தாமிரத்தினுடையதில் ஏறத்தாழ 61 விழுக்காடு. ஆகவே அதே மின்தடைக்குப் பட்டையின் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 1.6 மடங்கு தேவைப்படும். அடர்த்தி மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு என்பதால், பருத்த அந்தப் பட்டையும் தாமிரப் பட்டையின் பாதி எடையே இருக்கும். விலையும் குறைவு.

பட்டையின் அளவை முடிவு செய்வது வெப்பமே. படுக்கவைத்த பட்டையைவிடச் செங்குத்தாக நிறுத்திய பட்டை காற்றில் எளிதில் குளிரும். அடுத்தது குறுக்குச்சுற்று விசை. 10 செ.மீ. இடைவெளியிலுள்ள இரு பட்டைகளில் 50,000 ஆம்பியர் உச்ச மின்னோட்டம் பாய்ந்தால், மீட்டருக்குச் சுமார் 5,000 நியூட்டன் விசை, அதாவது அரை டன் எடைக்குச் சமமான விசை, எழும். தாங்கிகள் இதற்கு ஈடுகொடுக்க வேண்டும். வெப்பத்தால் நீள்வதும் உண்டு: 10 மீட்டர் பட்டை 50 பாகை செல்சியசு சூடேறினால் 11 மி.மீ.க்கு மேல் நீளும். நீண்ட தடங்களில் நெகிழும் இணைப்பு வைக்காவிட்டால் தாங்கிகள் உடையக்கூடும்.

ஆனாலும் பழுதுகள் பெரும்பாலும் தொடங்குவது பட்டையில் அல்ல, இணைப்பில்தான். அலுமினியம் காற்றுப்பட்ட உடனே அதன்மேல் மின்கடத்தாத ஆக்சைடு படலம் படியும். பொருத்துவதற்குச் சற்று முன் துருப்பிடிக்காத எஃகுக் கம்பித் தூரிகையால் தேய்த்து, தாமதிக்காமல் இணைப்பு கிரீஸ் பூசிவிட வேண்டும். காலையில் தேய்த்து வைத்துவிட்டு மாலையில் பொருத்துவது வீண்வேலை. தொடர் அழுத்தத்தில் அலுமினியம் மெல்ல நசுங்கி விலகுவதால் போல்ட் தளரும். கிண்ண வடிவ ஸ்பிரிங் வாஷர் இட்டு, டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். கைபலம் காட்டி இறுக்குவது உலோகத்தை நசுக்கி, இணைப்பைப் பின்னர் தளரவே செய்யும்.

தாமிரத்தை நேரடியாக அலுமினியத்தோடு சேர்த்தால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கப்படும். வெள்ளீயம் பூசிய பரப்போ இரட்டை உலோகத் தகடோ இடையில் வேண்டும். வெளிப்புறங்களில் தாமிரம் கீழேயும் அலுமினியம் மேலேயும் இருப்பது நல்லது. தாமிர உப்பு கலந்த நீர் அலுமினியத்தின் மீது சொட்டக் கூடாது.

பராமரிப்பில் வெப்பப்படக் கருவி உதவும். ஒரே சுமையுள்ள மூன்று பேஸ்களில் ஓர் இணைப்பு மட்டும் சூடாகத் தெரிந்தால், மின்சாரத்தைத் துண்டித்து, மின்சாரம் இல்லை என்று சோதித்து, நில இணைப்பு கொடுத்தபின் அதைக் கழற்றித் தேய்த்துப் புதிதாகப் பொருத்த வேண்டும். சூடாகிவிட்ட இணைப்பை வெறுமனே இறுக்கினால் ஆக்சைடு உள்ளேயே தங்கிவிடும்.